1946-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது; இனி எதைப் படிப்பது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தாலுகா நீதிமன்றத்தில் எட்டு வருடமாகத் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் சிவில், கொஞ்சம் கிரிமினல். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஒருவர் என் கட்சிக்காரர். 1991-இல் இங்கேயே பிறந்தவர். அப்பா இலங்கையிலிருந்து வந்தவர்; அம்மா பரமக்குடிப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். முகாம் பதிவில் பெயர் இருந்தும் இந்திய பாஸ்போர்ட் எடுத்தார் என்று 2025 மார்ச்சில் வெளிநாட்டவர் சட்டம் 14-ஆவது பிரிவிலும் பாஸ்போர்ட் சட்டத்திலும் முதல் தகவல் அறிக்கை போட்டார்கள். நவம்பரில் குற்றப்பத்திரிகை வந்தது. அதிலும் அதே 1946-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டமே செப்டம்பரில் ரத்தாகிவிட்டது என்று கோர்ட் வராந்தாவில் ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரத்தான சட்டத்தில் வழக்கு நிற்குமா, சார்? இன்னொன்று. டொராண்டோவில் வக்கீலாக இருக்கும் என் கல்லூரித் தோழி வருடத்துக்கு 12 மணி நேரம் கட்டாயம் படிக்கவேண்டுமாம். நமக்கு அப்படி எதுவும் இல்லை. குடிவரவுச் சட்டத்தில் சான்றிதழ்ப் படிப்பு என்று ஆன்லைனில் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வழக்கைப் பார்த்துவிடுவோம். நீங்கள் கேட்கும் படிப்பில் பாதி அந்த வழக்குக் கட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ரத்தான சட்டத்தில் வழக்கு நிற்கும். குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 அமலுக்கு வந்தது 2025 செப்டம்பர் 1 அன்று. அன்றோடு நான்கு சட்டங்கள் போயின: 1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், 2000-ஆம் ஆண்டில் வந்த விமான, கப்பல் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சட்டம். ஆனால் ரத்து என்றால் நடந்ததெல்லாம் துடைத்துப் போட்டாயிற்று என்று பொருள் இல்லை. 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் 6-ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். பழைய சட்டம் உயிரோடு இருந்தபோது நடந்த குற்றத்துக்கு அந்தச் சட்டத்தின் கீழேயே விசாரணையும் தண்டனையும் தொடரலாம். புதிய சட்டத்திலும் ரத்தும் காப்பும் பற்றிய பிரிவு இருக்கிறது. நீங்கள் சொல்லும் பாஸ்போர்ட் சமாச்சாரம் மார்ச்சுக்கு முந்தியது. அதற்குப் பழைய சட்டத்தில் குற்றப்பத்திரிகை போட்டதுதான் சரி. புதிய சட்டத்தில் போட்டிருந்தால்தான், குற்றம் நடந்தபோது இல்லாத சட்டத்தில் தண்டிக்கக்கூடாது என்னும் அரசியலமைப்பு 20(1)-ஐ எடுத்துக்கொண்டு நீங்கள் எழுந்திருக்கலாம்.

இதே தேதிக் கணக்கு உங்கள் வேறு கட்டுகளில் கைகொடுக்கும். விசா முடிந்த பிறகும் தங்கியிருந்தவர் என்று யாராவது வந்தால் கவனியுங்கள். பழைய 14-ஆவது பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. புதிய சட்டத்தின் 23-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது மூன்று லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிற்காலச் சட்டம் தண்டனையைக் கூட்டினால் அது பின்னோக்கிப் போகாது. குறைத்தால் அந்தப் பலனைக் கேட்கலாம் என்பதற்கு டி. பராய் எதிர் ஹென்றி ஆ ஹோ என்ற 1982-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அது உணவுக் கலப்பட வழக்கு. குடிவரவுச் சட்டம் என்று தலைப்பு வைத்துத் தேடினால் கண்ணில் படாது.

சரி, உங்கள் கட்சிக்காரருக்கு வருவோம். எந்தச் சட்டம் என்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் வெளிநாட்டவர்தானா?

குடியுரிமைச் சட்டம், 1955 மூன்றாவது பிரிவை மூன்று துண்டாகப் படிக்கவேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் (தூதர், எதிரி நாட்டவர் போன்ற விலக்குகள் போக) பிறப்பால் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர் என்றால், அவர் பிறந்த நேரத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்கவேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்கவேண்டும்.

1991 நடுத் துண்டில் விழுகிறது. அம்மா இந்தியக் குடிமகள் என்றால் மகன் 3(1)(ஆ)-வின்படி பிறப்பால் இந்தியர். அப்பா அகதியாக வந்தவர் என்பது இந்தத் துண்டில் குறுக்கே நிற்காது. முகாம் அட்டையில் பெயர் இருப்பதால் குடியுரிமை போய்விடாது. இன்னொரு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால்தான் 9-ஆவது பிரிவின்படி போகும். குடிமகன் என்று ஆகிவிட்டால் 1946-ஆம் ஆண்டுச் சட்டமும் அவரைத் தொடாது, 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் தொடாது. நீங்கள் ரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தால், அவர் வெளிநாட்டவர் என்பதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் தரச்சொல்லி 2022-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கும். முகாம் வழக்கு என்றாலே எல்லோரும் அந்தத் தீர்ப்பை நகல் எடுத்து இணைக்கிறார்கள். அது முதல் துண்டு. 1987 ஜூலைக்கு முன்பு பிறந்ததால் கிடைத்த வெற்றி. உங்கள் கட்சிக்காரருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. அவருக்கு அம்மாவின் குடியுரிமையை நிரூபித்தாகவேண்டும்.

நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான். பழைய சட்டத்தின் 9-ஆவது பிரிவு, புதிய சட்டத்தின் 16-ஆவது பிரிவு, இரண்டிலும் தான் வெளிநாட்டவர் அல்ல என்று அவரே காட்டவேண்டும். ஆனால் அரசு வெறும் கையோடு வந்து குற்றம் சாட்டிவிட்டு நிரூபி என்று சொல்ல முடியாது என்று 2024 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அசாம் வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது (முகமது ரஹீம் அலி எதிர் அசாம் அரசு). சந்தேகத்துக்கு அடிப்படையான ஆவணத்தை அரசு முதலில் காட்டவேண்டும். உங்கள் வழக்கில் முகாம் பதிவேட்டை அந்த அடிப்படை என்று சொல்வார்கள். அதனால் அம்மாவின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அவருடைய பெற்றோரின் பழைய பத்திரம், வாக்காளர் பட்டியல், கல்யாணப் பதிவு என்று எது கிடைத்தாலும் சேருங்கள். அம்மா 1987-க்கு முன்பு இங்கே பிறந்தவர் என்பதால் அவர் பிறந்த இடத்தையும் தேதியையும் காட்டினாலே முக்கால் வேலை முடிந்தது.

பாஸ்போர்ட் சட்டத்தில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 12(1ஏ) என்றால் அது இந்தியக் குடிமகன் அல்லாதவருக்கான பிரிவு. குடியுரிமை நின்றால் அது விழும். 12(1)(பி) என்றால் முக்கியத் தகவலை மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. குடிமகனுக்கும் அது பொருந்தும் என்பதால் தனியாகப் பதில் சொல்லவேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் 15-ஆவது பிரிவின்படி மத்திய அரசின், அல்லது அது அதிகாரம் கொடுத்த அதிகாரியின், முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. குற்றப்பத்திரிகையோடு அந்த அனுமதி ஆணை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போதே பார்க்கவேண்டிய தேதி ஒன்று உண்டு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு பதிவான வழக்கு என்பதால் உங்களுக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பொருந்தும். அதன் 262-ஆவது பிரிவில், விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனுவைக் குற்றப்பத்திரிகை நகல்கள் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போடவேண்டும் என்று காலக்கெடு வைத்திருக்கிறார்கள். பழைய நடைமுறைச் சட்டத்தின் 239-ஆவது பிரிவில் அப்படி ஒன்று இல்லை. குற்றச்சாட்டு வனையும் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். நகல் வழங்கிய தேதியை இன்றே நீதிமன்றக் குறிப்பேட்டில் பார்த்துவிடுங்கள். வழக்கையே ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் குவாஷ் போவதாக இருந்தால் 528-ஆவது பிரிவு. அம்மாவின் குடியுரிமை விவகாரம் சர்ச்சைக்குரிய உண்மை என்று அங்கே திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். ஆவணம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தால் மட்டும் போங்கள்.

இனி படிப்பு.

உங்கள் தோழி சொன்னது சரி. ஒன்டாரியோவில் வருடத்துக்கு 12 மணி நேரம், அதில் 3 மணி தொழில்நெறி சம்பந்தப்பட்டது. நியூயார்க்கில் இரண்டு வருடத்துக்கு 24 மணி. இங்கே அகில இந்திய பார் தேர்வை ஒருமுறை எழுதிவிட்டால், ஓய்வு பெறும் வரை யாரும் நம்மைக் கேள்வி கேட்கப் போவதில்லை. கருத்தரங்கு நடத்துவது பார் கவுன்சில்களின் பணிகளில் ஒன்று என்று 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்திலேயே இருக்கிறது; உட்கார்ந்து கேட்கவேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மணிக் கணக்கு வைப்பதால் மட்டும் யாரும் படித்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு வருடத்துக்கு 16 மணி நேரம் என்று இருந்ததை 2016-இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு என்ன தெரியவில்லை, அதற்கு என்ன செய்தேன் என்று ஒவ்வொருவரும் தானே எழுதி வைத்து உறுதி சொல்லும் முறைக்கு மாறினார்கள். ஆனாலும் எதுவுமே இல்லாத நம் நிலைமை இரண்டையும்விட மோசம். வக்கீலுக்குச் சட்டம் மாறியது தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்கக் கட்சிக்காரருக்கு வழியே இல்லை. முகாமில் இருப்பவருக்குச் சுத்தமாக இல்லை.

அமெரிக்காவில் 2010-இல் பாடில்லா எதிர் கென்டக்கி என்று ஒரு தீர்ப்பு வந்தது. நாற்பது வருடம் சட்டப்படி அங்கே குடியிருந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இத்தனை வருடம் இருந்தவரை நாடு கடத்தமாட்டார்கள் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். கடத்தலாம் என்று சட்டத்தில் தெளிவாகவே இருந்தது. ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று சொல்லவேண்டியது கிரிமினல் வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனால் நம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம் என்று எத்தனை பேர் சொல்கிறோம்? குடியுரிமை கேட்டு விண்ணப்பிப்பவருக்கு நன்னடத்தை ஒரு தகுதி. ஐயாயிரம் ரூபாய் அபராதத்தோடு முடிந்த வழக்கு பத்து வருடம் கழித்து அங்கே வந்து நிற்கும். குடிவரவுச் சட்டம் தெரிய குடிவரவு வக்கீலாக இருக்கவேண்டியதில்லை. ஜாமீன் மனு போடுகிற எல்லோருக்கும் இது வேண்டும்.

பதினெட்டாயிரம் ரூபாய்ப் படிப்பில் சேரவேண்டாம் என்பது என் எண்ணம். குடிவரவு என்ற பெயரில் ஆன்லைனில் விற்பவற்றில் பெரும்பாலானவை கனடா, ஆஸ்திரேலியா விசா விண்ணப்பம் நிரப்பக் கற்றுத் தருபவை. அது வேறு தொழில். கனடா விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அந்த நாட்டு வக்கீலாகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்கவேண்டும் என்று அவர்கள் சட்டத்தின் 91-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் உங்கள் ஊரில் உட்கார்ந்து செய்ய முடியாது. அவர்கள் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். 2025-ஆம் ஆண்டு விலக்கு உத்தரவும் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவும் அதில் இல்லையென்றால் உங்களுக்கு அது பயன்படாது.

அந்த விலக்கு உத்தரவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் புதிய சட்டத்தோடு விதிகளும், ஓர் உத்தரவும், விலக்கு உத்தரவும் வந்தன. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா வேண்டும் என்ற, புதிய சட்டத்தின் மூன்றாவது பிரிவின் விதிகள் பொருந்தாது என்று விலக்கு உத்தரவில் இருக்கிறது. இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை என்ற அளவுக்கு அன்று வாட்ஸ்அப்பில் செய்தி ஓடியது. உத்தரவில் குடியுரிமை என்ற பேச்சே இல்லை. ஆவணம் இல்லை என்பதற்காக வழக்குப் போடுவதிலிருந்து விலக்கு, அவ்வளவுதான். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்றோடு நிற்கிறது. இலங்கை அதில் இல்லை. விலக்குப் பெற்றவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று இனியும் சொல்லலாமா என்று வாதாட இடம் இருக்கிறது. 2004-க்குப் பிறகு பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால், அந்த வாதம் பெரிய விஷயம். ஆனால் வாதத்தைத் தீர்ப்பு மாதிரி கட்சிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளும்போது, இந்தியா என்ன தர்மசத்திரமா என்று நீதிபதி கேட்டதாகத் தலைப்புச் செய்திகள் வந்தன. அதற்கு அடுத்த வாரமே கீழ்க்கோர்ட்டுகளில் அரசு வக்கீல்கள் அதைச் சட்டம் போலச் சொல்ல ஆரம்பித்தார்கள். விசாரணையில் வாய்மொழியாகக் கேட்ட கேள்வி முன்தீர்ப்பு ஆகாது. எழுத்தில் வந்த உத்தரவைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

ஆகவே படிப்பு என்றால் எனக்குத் தெரிந்த வழி கெசட்தான். இ-கெசட் தளம் இலவசம். சட்டம் என்றால் பகுதி 2, பிரிவு 1. மத்திய அரசு விதிகள் ஜி.எஸ்.ஆர். எண்ணோடு பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (i)-இல் வரும். உத்தரவுகளும் அறிவிக்கைகளும் எஸ்.ஓ. எண்ணோடு உட்பிரிவு (ii)-இல் வரும். வாரம் ஒருமுறை உள்துறை அமைச்சகத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ஒரு அறிவிக்கை கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்பது பலமுறை அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் உங்கள் அலமாரியில் இருக்கும் கட்டுகளை எடுத்து, பிறந்த தேதி, வந்த தேதி, குற்றம் நடந்ததாகச் சொல்லும் தேதி மூன்றையும் அட்டை மேலேயே எழுதி, புதிய அறிவிக்கை யாரைத் தொடுகிறது என்று பாருங்கள். பழைய தீர்ப்பு தேடும்போது அகதிகள் முகாம் என்றும் தேடவேண்டும். மறுவாழ்வு முகாம் என்ற பெயர் 2021 ஆகஸ்டில்தான் வந்தது.

இதைத் தனியாகச் செய்தால் மூன்று மாதத்தில் விட்டுவிடுவீர்கள். உங்கள் பார் அசோசியேஷனில் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ஐந்தாறு பேர் உட்காருங்கள். ஆளுக்கு ஓர் அறிவிக்கை, அதோடு அவரவர் கட்டிலிருந்து ஓர் உண்மையான சிக்கல். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பேசுங்கள். கட்சிக்காரர் சொன்னதைக் காக்கவேண்டிய கடமை (புதிய சாட்சியச் சட்டத்தில் 132-ஆவது பிரிவு) படிப்பு வட்டத்திலும் தளராது. சீனியர்களை உரையாற்றக் கூப்பிடாதீர்கள். வந்தால் ஒரு மணி நேரம் தங்கள் பழைய வெற்றிகளைச் சொல்வார்கள், பொன்னாடையோடு கூட்டம் முடிந்துவிடும். முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் கியூ பிரிவிலோ முகாம் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது கிடைத்தால் அவரைக் கூப்பிடுங்கள். பதிவேட்டில் பெயர் எப்படி ஏறுகிறது, எப்படித் தப்பாக ஏறுகிறது என்று சட்டப் புத்தகத்தில் இருக்காது.

ஜூனியர்கள் வருவார்களா என்று சந்தேகம் இருந்தால் வருமானத்தைக் காட்டுங்கள். புதிய சட்டத்தில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி, சேர்க்கும் கல்வி நிறுவனம், உள்நோயாளியாக வைக்கும் மருத்துவமனை எல்லோருக்கும் தகவல் கொடுக்கும் கடமை உண்டு. வெளிநாட்டு விருந்தினர் விவரம் தரும் பழைய சி படிவத்தை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் லாட்ஜ்காரர்கள் ராமேஸ்வரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஆலோசனை சொல்லி வாங்கும் கட்டணம், முகாம் வழக்கில் நீங்கள் வாங்காமல் விடும் கட்டணத்தை ஈடுகட்டும்.

கடைசியாக, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவில் காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி என்று இருக்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும் என்று இல்லை. குழு வக்கீல்களுக்குப் புதிய குடிவரவுச் சட்டம் பற்றி அரை நாள் பயிற்சியும், அதே நாளில் முகாமில் ஒரு சட்ட உதவி முகாமும் கேளுங்கள். பயிற்சிக்கு வருபவர்கள் மதியம் அங்கே போய், பிறந்த தேதியையும் பெற்றோர் விவரத்தையும் குறித்துக்கொண்டு வரட்டும். 1987-க்கு முன்பு பிறந்தவர்களும், உங்கள் கட்சிக்காரரைப் போலத் தாயோ தந்தையோ இந்தியராக இருப்பவர்களும் அங்கே இருக்கலாம். அவர்களை வழக்கு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் போடவேண்டியது ஜாமீன் மனு அல்ல, பாஸ்போர்ட் விண்ணப்பம்.